உடையாகத் தோன்றிய பகைக்குறி

கடற்கரையில் உலரும் இறாலின் ஓடு, விளக்கடியில் வீழ்ந்து கிடக்கும் வண்டின் சிறகு, மழைக்குப்பின் முளைக்கும் காளான் ஆகிய இம்மூன்றுக்கும் உறுதி தருவது ஒரே பொருள் என்றால் நாம் வியப்படைவோம். அப்பொருளே கைட்டின்.

1811ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிராக்கோனோ காளான்களில் இதனைக் கண்டார். 1823இல் ஓதியே என்பவர் பூச்சிகளின் மேலோட்டிலும் இதனைக் கண்டு, அங்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத் தழுவிப் பெயரிட்டார். அப்பெயருக்கேற்ப, நெடுங்காலம் இது சிற்றுயிர்களின் உடையாகவே கருதப்பட்டது.

நம் உடல் கைட்டினை உண்டாக்குவதில்லை. எனினும், அதனைச் சிதைக்கும் நொதி மனித உடலில் உண்டு என்பதை நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 1990களில் காட்டினர். அமிலத்திலும் செயற்படும் மற்றொரு நொதி 2001இல் அறியப்பட்டது. அது இரைப்பையிலும் நுரையீரலிலும் காணப்படுவது. தன்னிடம் இல்லாத பொருளைச் சிதைக்க உடலுக்கு ஏன் இத்தனை ஏற்பாடு?

கைட்டின் பகைவரின் அடையாளம் என்பதே விடை. நோய் தரும் பூஞ்சைகளின் சுவரிலும், குடற்புழுக்களின் முட்டையோட்டிலும் அது உண்டு. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளும் அதனைத் தாங்கியவையே. கைட்டினின் மிகப்பெருந் துண்டுகளை உடல் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நுண்துகள்களோ பாதுகாப்பு அணுக்களைத் தூண்டிவிடுகின்றன.

இனி, ஒரு நொதி குற்றவாளிக் கூண்டில் நின்ற கதையைக் காண்போம். 2004இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஆஸ்துமாவை ஒத்த நோயுற்ற எலிகளில் மேற்கூறிய இரண்டாம் நொதி மிகுந்திருப்பதைக் கண்டனர். அதனைத் தடுத்தபோது நுரையீரல் அழற்சி தணிந்தது. நொதியே குற்றவாளி என்றும், அதனை அடக்கும் மருந்தே வேண்டும் என்றும் பலர் எண்ணலாயினர்.

ஆனால் 2007இல் வழக்கு திசைமாறியது. எலியின் மூச்சுப்பாதையில் கைட்டினைச் செலுத்தியபோது, ஒவ்வாமைக்குரிய வெள்ளணுக்கள் அங்கே வந்து திரண்டன. அதே நொதியால் முன்னரே சிதைக்கப்பட்ட கைட்டினோ அவ்வளவு தூண்டவில்லை. 2017இல் வெளிவந்த ஆய்வு மேலும் தெளிவு தந்தது. அந்நொதியின்றிப் பிறந்த எலிகளின் நுரையீரலில் கைட்டின் தேங்கியது. முதுமை வர வர நுரையீரல் தழும்பேறி இறுகியது. நொதியை மீண்டும் அளித்தபோது அக்கேடு குறைந்தது. குற்றவாளி என எண்ணப்பட்டவன் வீட்டைத் துப்புரவு செய்யும் காவலனாகவும் விளங்கினான்!

எலிகளிடம் கண்டது யாவும் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என நாம் துணிதல் கூடாது. ஆயினும் மூச்சுத் திணறும் நோயாளிக்கு மருந்து தேடுவோர்க்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை. தீ எரியும் இடத்தில் நிற்பவரெல்லாம் தீ வைத்தவர் அல்லர்; அணைக்க வந்தவரும் அங்கேதான் நிற்பர். அவரைத் தடுத்துவிட்டால் வீடு என்னாகும் என்பதை ஆராய்ந்த பின்னரே மருந்துக்குக் கை நீட்டுதல் அறிவுடைமையாகும்.