பட்டம் பெறுமுன் பாடம் சொன்னவர்கள்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் பணித்தபோது, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு அதற்குரிய தகுதி உண்டோ என்று தயங்கினேன். ஆயினும், சென்ற கோடையில் நம் காலனியில் எழுந்த ஒரு வாதம் என் தயக்கத்தைப் போக்கியது.

என் நண்பர் ஒருவரின் மகள் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் நம் சங்கக் கூடத்தில் சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள் அவளே. வெளிநாடு சென்று அங்குள்ள குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்பது அவள் அவா. அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்க விரும்பினாள். தந்தையோ, "பட்டம் கைக்கு வருமுன் வாத்தியார் வேலையைப் பற்றிய பேச்சே கூடாது" என்று மறுத்துவிட்டார். "மாமா, நீங்களே சொல்லுங்கள். பட்டம் வரும்வரை நான் கைகட்டி இருக்கத்தான் வேண்டுமா?" என்று அவள் என்னிடம் வந்து நின்றாள். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர் அப்சல்கஞ்சு நூலகத்தில் சில விடுமுறை நாட்களைச் செலவிட்டேன். அங்கே கண்டவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

கற்பிப்பதற்கு முதலில் வேண்டுவது பட்டமா, பயிற்சியா என்ற வினா புதியதன்று. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் இவ்வினா எழுந்த இடங்களுள் ஒன்று நம் சென்னைப் பட்டினமே.

நாம் சொந்த ஊருக்குச் செல்லும்போது வண்டி மாறுகின்ற எழும்பூரை அறியாதார் நம்முள் இல்லை. அங்கு இன்றைய இரயில் நிலையம் 1908இல் எழுந்தது. அதற்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்னர், 1789இல், தந்தையை இழந்த படைவீரர் மக்களுக்கென அதே எழும்பூரில் கும்பினியார் ஆதரவுடன் ஓர் அநாதைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வையை ஏற்றவர் ஸ்காட்லாந்து தேசத்தவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். அப்பணிக்கு அவர் ஊதியம் பெற்றிலர்.

பள்ளியில் உதவி ஆசிரியர்கள் இருந்தனர். ஆயினும் எழுத்துக்களைக் கற்கவே பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஒரு நாள் காலை பெல் குதிரைமீது செல்லுகையில், திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கண்டார். மாணாக்கர் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து கொண்டிருந்தனர். அவர் அதனை மலபார்ப் பள்ளி என்று குறித்தார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் 'மலபார்' என்றே வழங்கினர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பள்ளிக்கு விரைந்து திரும்பிய பெல், கடைநிலை வகுப்புக்கு அவ்வாறே மணலில் எழுதக் கற்பிக்குமாறு உதவி ஆசிரியரைப் பணித்தார். அது இயலாத காரியம் என்று ஆசிரியர் ஒதுக்கிவிட்டார்.

பெல் அதனோடு விட்டாரில்லை. ஒரு சிப்பாயின் மகனான ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். வளர்ந்தவர் இயலாதென்று ஒதுக்கியதை அச்சிறுவன் செய்து காட்டினான். அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் மாணாக்கருள் ஒருவனே ஆசிரியன் ஆனான். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இளையோருக்குப் பாடம் ஒப்புவிக்கச் செய்வதை நம் பாட்டனார் காலம் வரை கண்டிருக்கிறோம். அச்சட்டாம்பிள்ளையே எழும்பூரில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தான் என்று கூறினும் பிழையாகாது.

அப்பள்ளி மாணவனான வில்லியம் ஸ்மித் என்பவனின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. பிணையாக வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் புதல்வர்களைத் திருப்பி அனுப்பிய தூதுக்குழுவோடு 1794இல் அவனும் சென்றான். பதினேழு வயதேயான அவன், விஞ்ஞானக் கருவிகளைக் கொண்டு சுல்தான் முன்னிலையில் சோதனைகள் செய்து காட்டினான். அவன் கையில் எந்தப் பல்கலைக் கழகத்தின் பட்டமும் இல்லை.

பெல் 1796இல் தாய்நாடு திரும்பி, மறு ஆண்டே தம் சோதனையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1811இல் தேசியக் கல்விச் சங்கம் அமைந்த பின்னர், இங்கிலாந்தெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் 'மதராஸ் முறை' பரவிற்று. கனடாவில் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் 1819இல் மதராஸ் பள்ளி என்ற பெயரிலேயே ஓர் அமைப்புக்குச் சாசனம் வழங்கப்பட்டது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது. ஆங்கிலம் இங்கே கப்பலேறி வந்தது என்று பேசுகிறோம். அவ்வாங்கிலத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறைகளுள் ஒன்று இங்கிருந்து கப்பலேறிச் சென்றது என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டாவா?

நிற்க. இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. சட்டாம்பிள்ளை தான் நேற்றுக் கற்றதை இன்று சொல்லிக் கொடுக்க வல்லவனே. ஆயினும் அதற்கு அப்பால் ஒரு மாணவன் வினா எழுப்பினால் விடை கூற வகையறியான். மனப்பாடமே கல்வி என்றாகிவிட்டது என்ற குறை இங்கிலாந்தில் எழுந்தது. எனவே 1846இல் அந்நாட்டு அரசு வேறொரு முறையை ஏற்படுத்தியது. பதின்மூன்று வயது நிரம்பிய மாணாக்கர், தலைமை ஆசிரியரிடம் ஐந்தாண்டுகள் தொழில் பழகுபவராக அமர்ந்து, பகலில் பாடம் சொல்லியும் எஞ்சிய வேளையில் தாம் படித்தும் வர வேண்டும். முடிவில் தேர்வில் வென்றோர் அரசு உதவியுடன் பயிற்சிக் கல்லூரி புகலாம். பட்டமில்லாதவன் கற்பிக்கலாகாது என்று அவர்கள் விதிக்கவில்லை. ஆயத்தமில்லாதவன் கற்பிக்கலாகாது என்றே உணர்ந்தனர்.

இனி நம்மவர் ஒருவரின் வாழ்வைக் காண்போம். தொல்காப்பியச் சேனாவரையத்தை 1868இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் நன்கறியும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் தோன்றிய அவர், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றார். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய அக்கலாசாலை ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே போற்றியது. அங்குக் கற்று வெளிவந்த அவர் இருபது வயதில் கோப்பாயில் ஆசிரியரானார். பின்பு கடல் கடந்து சென்னை சேர்ந்து, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். ஆங்கிலேயருக்குத் தமிழும் கற்பித்தார். சென்னைப் பல்கலைக் கழகம் 1857இல்தான் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருள் ஒருவர் தாமோதரம்பிள்ளை. மற்றவராகிய விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டம் தரும் பல்கலைக் கழகமே இல்லாத நாளில் அவர் ஆசிரியர் ஆனார். ஆனால் பல்கலைக் கழகம் தோன்றியவுடன், 'நான்தான் ஆசிரியனாயிற்றே, எனக்குப் பட்டம் எதற்கு?' என்று இருந்துவிடவில்லை. முதல் வரிசையிலேயே தேர்வு எழுதினார். பின்னர் அரசாங்கக் கணக்குத் துறையில் அலுவல் பார்த்துக்கொண்டே 1871இல் பி.எல். பட்டமும் பெற்றார். கணக்கும் கோப்புமாகக் காலங்கழிக்கும் என் போன்றோருக்கு இதைப் படித்தபோது நாணம் உண்டாயிற்று.

நம் ஹைதராபாத்துக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. உருதுவைப் பாடமொழியாகக் கொண்டு 1918இல் உஸ்மானியா பல்கலைக் கழகம் எழுந்த இந்நகரிலேயே, 1958இல் மத்திய ஆங்கில நிலையம் தொடங்கப்பெற்றது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சி அளிப்பதே அதன் தலையாய நோக்கம். பட்டம் பெற்றவர்களும் அங்கு வந்து, எப்படிக் கற்பிப்பது என்பதைப் புதிதாகக் கற்றனர். அந்நிலையமே 2007இல் மத்தியப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. பிற நாடுகளிலிருந்தும் பலர் ஆங்கிலப் பயிற்சிக்காக அங்கு வருகின்றனர். தார்நாகா வழியாக நாள்தோறும் அலுவலகம் செல்லும் நம்மில் எத்தனை பேர் அதன் வாயிலை நின்று நோக்கியிருக்கிறோம்?

இவ்வளவும் கண்டபின் அப்பெண்ணுக்கும் அவள் தந்தைக்கும் என் விடையைச் சொன்னேன். பட்டம் வேறு, கற்பிக்கும் ஆற்றல் வேறு. ஒன்று வரும்வரை மற்றொன்றை நிறுத்தி வைக்க வேண்டுவதில்லை. சனிக்கிழமை வகுப்பை விடாமல் நடத்து. எந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் தடுமாறினான் என்று ஏட்டில் குறித்து வை. முறையான பயிற்சி வகுப்பில் சேர். அதே வேளையில் பட்டத்தைக் கைவிடாதே. ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளில் ஆங்கில ஆசிரியர் பணிக்கான விசாவுக்குப் பட்டம் கேட்கிறார்கள். பட்டமே வேண்டாம், சுற்றுலா விசாவில் போய் வேலையில் அமரலாம் என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகளின் பேச்சைக் கேளாதே.

இதைச் சொல்ல எனக்கோர் உரிமையும் உண்டு. என் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தொன்பதாம் வயதில் நான் இரயில்வேயில் சேர்ந்தேன். ஆசிரியனாக வேண்டும் என்பதே என் இளமைக் கனவு. அஞ்சல் வழிக் கல்விக்கு விண்ணப்பப் படிவம் வாங்கினேன். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று பெட்டியில் வைத்தேன். இன்றும் அப்படிவம் நிரப்பப்படாமல் அப்பெட்டியின் அடியில் கிடக்கிறது.

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "பரீட்சையில் ஒரு தாளும் தவறக் கூடாது" என்ற நிபந்தனையோடு இசைந்தார். அவள் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ஆண்டுத் தேர்வுகளையும் எழுதி முடித்துவிட்டாள்.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் காலனியில் மேல் வகுப்புப் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். ஆளுக்கு நான்கு சிறுவரை ஒப்புவித்து, தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கச் செய்வோம். மேற்பார்வைக்குக் கற்றறிந்த பெரியோர் ஒருவர் இருக்கட்டும். மணல் பரப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!