பசியின் அறிவியலும் அரசின் கொள்கையும்: இங்கிலாந்தில் உடற்பருமன் தடுப்பு, 1992 முதல்

1992-இல் பிரதமர் ஜான் மேஜரின் அரசு ‘நாட்டின் உடல்நலம்’ என்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. 1980-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் 16 முதல் 64 வயதுக்குட்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினரும் பெண்களில் 12 சதவீதத்தினரும் உடற்பருமன் கொண்டிருந்தனர். 2005-க்குள் இதை முறையே 6, 8 சதவீதமாகக் குறைப்பது அறிக்கையின் இலக்கு. 2005 வந்தபோது இருபாலாரிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த நிலையில் இருந்தார்கள்.

இடைப்பட்ட காலத்திலும் பின்னரும் அரசு கைகட்டி இருந்துவிடவில்லை. 1992 முதல் 2020 வரை இங்கிலாந்தில் 14 உடற்பருமன் செயல்திட்டங்கள் வந்தன. அவற்றுக்குள் 689 கொள்கை முன்மொழிவுகள் இருந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டோலி தெய்ஸ், மார்ட்டின் வைட் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. முன்மொழிவுகளில் பெரும்பாலானவை மக்கள் தாமே பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தன. யார் பொறுப்பு, எவ்வளவு செலவு, எந்தக் காலக்கெடு என்ற விவரம்கூடப் பலவற்றில் இல்லை. மனிதர் ஏன் தேவைக்கு மேல் உண்கிறார்கள் என்ற கேள்விக்கு அரசு கைக்கொண்டிருந்த விடை பழையது: அறியாமை, இல்லையேல் மன உறுதிக் குறைவு. அதே ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் வேறு விடையைக் கண்டுகொண்டிருந்தன. அந்த விடை கொள்கை வகுப்போரின் மேசையில் உரிய இடம் பெறாததே இத்தனை திட்டங்கள் வீணானதற்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

அதன் தொடக்கம் சற்று முன்னதாகவே நிகழ்ந்தது. 1986-இல் ஆய்வாளர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டின் குழு டென்மார்க்கில் தத்துப் போன 540 பேரின் உடல் எடையை ஆராய்ந்தது. வளர்த்த பெற்றோரின் எடையோடு அவர்களுடைய எடைக்குத் தொடர்பு தென்படவில்லை. பெற்றவர்களின் எடையோடு தெளிவாகத் தென்பட்டது. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டறிந்தார். கொழுப்புத் திசு சுரக்கும் இந்த ஹார்மோன், உடலில் எவ்வளவு கொழுப்பு சேமிப்பில் இருக்கிறது என்ற செய்தியை மூளையின் ஹைப்போதலாமஸுக்குக் கொண்டு செல்கிறது. அச்செய்தி கிடைக்காவிட்டால், உடல் எவ்வளவு பருத்திருந்தாலும், பட்டினி கிடப்பதாகவே மூளை எண்ணிக்கொள்ளும்.

மனிதரிடம் இப்படித்தான் நடக்கிறது என்று 1997-இல் கேம்பிரிட்ஜிலேயே நிறுவப்பட்டது. ஸ்டீபன் ஓ’ராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு பரிசோதித்த இரண்டு குழந்தைகளின் உடலில் லெப்டின் இல்லை என்றே சொல்லலாம். ஒருவர் எட்டு வயதில் 86 கிலோ. மற்றவர் இரண்டு வயதில் 29 கிலோ. பின்னர் லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் அடங்காத பசி அடங்கியது, எடையும் இறங்கியது. குழந்தைக்கு மன உறுதி வந்துவிடவில்லை. பெற்றோர் கண்டிப்பைக் கூட்டவுமில்லை. இக்குறைபாடு மிக அரிது என்பது உண்மை. ஆனால் மூளையின் இதே பசிப் பாதையில் அமைந்த எம்சி4ஆர் மரபணுவின் பிறழ்வுகள், கடும் உடற்பருமன் கொண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் இருப்பதை அதே குழு பின்னர் காட்டியது.

மரபணு முப்பது ஆண்டுகளில் மாறிவிடாதே என்ற மறுப்பு நியாயமானது. மாறியது உணவு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையில் 20 பேர் ஆய்வு மையத்திலேயே தங்கி, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் பெரிதும் பதப்படுத்தாத உணவையும் விரும்பிய அளவுக்கு உண்டனர். பரிமாறப்பட்ட கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நார்ச்சத்தும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் முதல் வகையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் ஒரு கிலோவை நெருங்கிக் கூடியது. எளிதில் பசி தூண்டப்படும் உடலும், மென்று முடிக்குமுன் தீர்ந்துவிடும் மலிவான உணவும் ஒரே தெருவில் சந்திக்கின்றன. பெருக்கம் அங்கே தொடங்குகிறது.

இங்கிலாந்து அரசுக்கு இது எடுத்துச் சொல்லப்படவில்லை என்று கூற முடியாது. 2007-இல் அரசே கேட்டு வாங்கிய ‘ஃபோர்சைட்’ அறிக்கை, உடற்பருமனின் காரணங்களை நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் கொண்ட வலையாக வரைந்து காட்டியது. தனிமனிதரின் முயற்சி மட்டும் போதாது என்றும் எச்சரித்தது. அடுத்து வந்தவை என்ன? 2009-இல் ‘சேஞ்ச்4லைஃப்’ விளம்பர இயக்கம். 2011-இல் உணவு நிறுவனங்கள் விரும்பினால் உறுதிமொழி தரலாம் என்ற ‘பொறுப்பு ஒப்பந்தம்’.

திருப்பம் 2016 மார்ச்சில் வந்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை வரி அறிவித்தார். 2018 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 100 மில்லிலிட்டரில் 5 கிராம் முதல் 8 கிராமுக்குக் கீழ்வரை சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ் என்று இருந்தது. வரியைக் கட்ட வேண்டியவர் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர். இரண்டாண்டு அவகாசமும் இருந்தது. ஆகவே பலர் வரி கட்டுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பதே லாபம் என்று கண்டனர். முதலாண்டில் 52 கோடி பவுண்டு வரும் என்றிருந்த மதிப்பீட்டைக் கருவூலம் பாதிக்கும் கீழே திருத்த நேர்ந்தது. பொதுவாக வரி வசூல் குறைந்தால் தோல்வி என்போம். இங்கே அதுதான் வெற்றியின் அளவு. வரிக்குட்பட்ட பானங்களில் சராசரிச் சர்க்கரை அளவு 2015–2019-க்குள் 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. பிஸ்கட், கேக், மிட்டாய் போன்றவற்றுக்கு வரியில்லை, தாமாகவே 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற வேண்டுகோள் மட்டும் இருந்தது. அங்கே கிடைத்தது 3.5 சதவீதம்.

வரியின் பலனை மிகைப்படுத்தவும் கூடாது. ஆறாம் வகுப்புச் சிறுமியரிடையே உடற்பருமன், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியான ஆய்வு கூறியது. சிறுவரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஒரே பொருளில் கைவைத்ததற்கு அவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் 2021-இல் ஹென்றி டிம்பிள்பி தயாரித்த தேசிய உணவுத் திட்டம், பதப்படுத்திய உணவில் சேரும் சர்க்கரைக்குக் கிலோவுக்கு 3 பவுண்டும் உப்புக்கு 6 பவுண்டும் வரி விதிக்கச் சொன்னபோது அரசு ஏற்கவில்லை. கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை சென்று மீண்ட அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் 2020-இல் அறிவித்த நடவடிக்கைகளில், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ விற்பனைக்கான தடை விலைவாசியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடப்பட்டு, 2025 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

அதே 2025-இல், குடல் ஹார்மோன்களைப் போலச் செயல்பட்டுப் பசியைத் தணிக்கும் டிர்செபடைட் ஊசியைப் பொது மருத்துவர்கள் வழியாக வழங்கும் பணியை இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை தொடங்கியது. பசி உடலின் வேலை என்பதை மருந்துச் சீட்டில் அரசு ஏற்றுக்கொண்டது. தகுதியுள்ள அனைவருக்கும் அது சென்று சேர 12 ஆண்டுகள்வரை ஆகலாம். இதற்கிடையே, பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் எடை கணக்கெடுப்பில், மிக ஏழ்மையான பகுதிக் குழந்தைகளிடையே உடற்பருமன் வசதியான பகுதிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகவே பதிவாகிவருகிறது.