மலாக்கா அரண்மனையில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம்

கிள்ளானுக்கும் மலாக்கா அரண்மனைக்கும் ஒரு திருமணத் தொடர்பு உண்டு. செஜாரா மெலாயு சொல்லும் கதை இது.

தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தானின் குடும்பம், மலாக்கா அரச குடும்பத்துக்குப் பெண் கொடுத்தது. அந்தப் பெண்ணின் மகன் ராஜா காசிம், 1446இல் தம்பியின் ஆட்சியைக் கவிழ்த்து சுல்தான் முசபார் ஷா ஆனார். அவரை ஏற்றிவிட்ட உறவினர் துன் அலி பெண்டாஹாரா, அதாவது முதலமைச்சர் ஆனார்.

அந்தப் பதவிக்கு முன்பிருந்தவரின் மகன்தான் துன் பேராக். கிள்ளானின் தலைவர். சயாமியர் படையெடுத்தபோது கிள்ளான் ஆட்களோடு போய்ப் போரிட்டுப் பெயர் வாங்கியவர். அரண்மனை இரண்டு கட்சியானது. சுல்தான் சமாதானம் தேடினார். துன் அலி பதவி விலகச் சம்மதித்தார். பதிலுக்கு அவர் மணக்க விரும்பிய பெண், துன் பேராக்கின் சகோதரி துன் குடு. அவரோ சுல்தானின் மனைவி! சுல்தான் மணவிலக்குக் கொடுத்தார். 1456இல் துன் பேராக் பெண்டாஹாரா ஆனார். துன் குடுவை யாராவது கேட்டார்களா? ஏடு அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்தத் தம்பதியின் மகன் துன் முத்தாஹிர் பின்னாளில் அதே பதவிக்கு வந்து, பெரும் செல்வம் சேர்த்தார். தன் மகள் துன் பாத்திமாவைச் சுல்தான் மஹ்மூத்துக்குக் காட்டாமலே வேறொருவருக்கு மணமுடித்தது மனக்கசப்பானது. துரோகம் என்று ஒரு தமிழ் வணிகர் ராஜா முதலியார் கோள் மூட்ட, 1510இல் குடும்பத்து ஆண்கள் கொல்லப்பட்டனர். விதவையான பாத்திமா சுல்தானின் அரசியானார். மறு ஆண்டே போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். 1528இல் ஜொகூரின் முதல் சுல்தான் ஆனவர் அந்தப் பாத்திமாவின் மகன்.