'சோக்': ஒரு நீர்ச்சொல்லின் வரலாறு

கடலையை இரவு முழுவதும் ஊறவைப்பதை ஆங்கிலத்தார் 'சோக்' என்னும் வினையால் குறிப்பர். நம் மாணவர் இச்சொல்லை அறிவர். ஆயினும் அதே சொல் குடிகாரனுக்கும், வரிக்கும், எஃகு ஆலைக்கும், பாலைநில நீர்நிலைக்கும் வழங்கக் காணும்போது, அகராதி எண்ணிட்டுத் தரும் பொருள்களுள் ஒன்றை எடுத்து ஒட்டிவிடுகின்றனர். ஒட்டியது பல வேளைகளில் பொருந்துவதில்லை. ஒரு சொல்லின் பொருள்கள் தொடர்பற்ற குவியலா, ஒரு வேரின் கிளைகளா என்பதே நாம் இங்கு ஆராயும் வினா.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'சோக்கியன்'. உறிஞ்சுதலைக் குறிக்கும் 'சக்' என்னும் சொல்லுக்கு இஃது உறவுடையது. ஆகவே நீரில் கிடத்தலோடு, நீரை உள்வாங்குதலும் இச்சொல்லின் கருவில் உண்டு. மெல்ல நிகழ்தல், உள்ளே செல்லுதல், நிறையும்வரை தொடர்தல் ஆகிய மூன்று கூறுகளை நாம் இதில் பிரித்துக் காணலாம்.

இக்கூறுகளே பிற்காலப் பொருள்களை ஈன்றன. சேக்சுபியரின் ஆம்லெத்து, அரசனின் தயவை உறிஞ்சி வாழும் ஒருவனைக் கடற்பஞ்சு என்று இகழுமிடத்தில் இவ்வினையே வருகிறது. அங்கு உள்வாங்கப்படுவது நீரன்று, சலுகை. 1755இல் வெளிவந்த சாமுவேல் சான்சனின் அகராதி, அளவின்றிக் குடித்தல் என்னும் பொருளையும் பதிந்து, அதனை இழிவழக்கு எனக் குறித்தது. எஃகு ஆலையிலோ நீர் முற்றும் மறைந்துவிடுகிறது. வார்த்தெடுத்த எஃகுக் கட்டியின் புறம் முதலில் ஆறும், அகம் கனன்றுகொண்டிருக்கும். வெப்பம் எங்கும் ஒரே அளவில் பரவும்வரை கட்டியை வைத்திருக்கும் குழிக்கும் 'சோக்' என்னும் சொல்லாலேயே பெயர் அமைந்தது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் பிறரிடம் மிகையாகப் பணம் கறத்தலையும் அது குறித்தது. 1935இல் அதிபர் ரூசுவெல்ட்டு பெருஞ்செல்வர்மீது உயர்த்திய வரி இவ்வினையாலேயே பெயர் பெற்றது. அங்கே நிறைதல் போய்க் கறத்தல் முன்நிற்கிறது.

நம்மை நெடுநேரம் நிறுத்துவது ஆசுத்திரேலிய வழக்கு. அங்கே 'சோக்' ஒரு பெயர்ச்சொல். மழைநீர் மணலுக்குள் இறங்கித் தங்கி, தோண்டினால் சுரக்கும் இடம் அது. உள்ளே சென்ற நீர் வெளியே வருவதால், சொல்லின் திசையே மாறிவிட்டது. தமிழர்க்கு இது வியப்பன்று. நம் 'ஊறு' என்னும் வினையிலும் இரு திசையும் உண்டு: அரிசி நீரில் ஊறுகிறது, நீர் மணலில் ஊறுகிறது. ஊறுகாயும் ஊற்றும் ஒரே வேரின. ஆகவே ஆசுத்திரேலியச் 'சோக்'கிற்கு 'நனைதல்' பொருந்தாது, 'ஊறல்' பொருந்தும்.

இச்சொல் சுட்டும் நிலத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. மேற்கு ஆசுத்திரேலியாவில் ஆல்சு கிரீக்கையும் விலுனாவையும் இணைக்கும் ஏறத்தாழ 1,850 கி.மீ. கால்நடைப் பாதைக்காக, 1906இல் ஆல்பிரட் கேனிங் நில அளவை மேற்கொண்டார். நீர் இருக்குமிடம் அறிந்தவர் அம்மண்ணின் பழங்குடியினரே. அவர்களைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலியிட்டு, நீருள்ள இடங்களைக் காட்டச் செய்தனர். 1908இல் அரச ஆணையம் விசாரித்துக் கேனிங்கைக் குற்றமற்றவர் என்றது. பழங்குடியினரின் நீரிடங்கள் பல, பின்னர் எண்ணிட்ட கிணறுகளாயின. 'சோக்' என்பதை 'நீருள்ள இடம்' என்று மட்டும் மாணவர் எழுதினால் பிழையாகாது. ஆனால் அந்நீரை அறிந்திருந்தவர் யார் என்பது அவ்விடையில் இராது.

எனவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஒரு சொல்லுக்கு ஒரு நிகர்ச்சொல் தந்து நிறுத்தாதீர்கள். அது எங்கே, யாரால், எதன்மீது வழங்கப்பட்டது என்று மாணவரைக் கேட்கச் செய்யுங்கள். அவ்வாறு கற்ற சொல் உள்ளத்தில் ஊறும், வேண்டும்போது சுரக்கும்.