ஹிப்-ஹாப்பும் கறுப்பினத்தவர் பற்றிய பொதுப் பார்வையும்

1970-களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களின் கையில் பிறந்த கலை ஹிப்-ஹாப். டிஜே இசை, பிரேக் நடனம், சுவரெழுத்து, ராப் என நான்கு கிளைகள் அதற்கு உண்டு. இவற்றில் உலகெங்கும் பரவியதும் வம்பில் அதிகம் மாட்டியதும் ராப்தான். கறுப்பின மக்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது ராப் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஏற்கெனவே இருந்த கெட்ட பெயர்தான் ராப்பின் தலையில் விடிந்தது என்பது மறுசாராரின் வாதம். இரு பக்கமும் கறுப்பினத்தவர் இருக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மறந்துவிடுவதுண்டு.

கெட்ட பெயரின் வயது ராப்பைவிட மிகப் பெரியது. 1830-களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பினக் கோமாளியாக ஆடிப் பணம் குவித்தார். அந்தக் கோமாளியின் பெயரே பின்னாளில் தென் மாநிலங்களின் இனப் பாகுபாட்டுச் சட்டங்களுக்கு அடைமொழியானது. 1915-இல் வந்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' திரைப்படம் கோமாளியை வன்முறையாளனாக மாற்றியது. ராப் பாடகன் மேடையேறும்போது இந்த இரண்டு வேடங்களும் அவனுக்காகத் தைத்துத் தயாராக இருந்தன.

1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரியில் இருந்த அடுக்ககத்தில் சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதுதான் அவர் நோக்கம். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாக இன்று கொண்டாடப்படுவது இந்த இரவுதான். அதற்குள் பிராங்ஸைப் பிளந்து நெடுஞ்சாலை போடப்பட்டுவிட்டது. கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தன, காப்பீட்டுப் பணத்துக்காக வீட்டுக்காரர்களே தீ வைத்த கதைகளும் அவற்றில் உண்டு. 1981-இல் 'ஃபோர்ட் அப்பாச்சி, தி பிராங்ஸ்' என்ற ஹாலிவுட் படம் அந்த வட்டாரத்தைக் காவல் நிலையத்தின் சன்னல் வழியாகக் காட்டியபோது, அங்கு குடியிருந்தவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். மறு ஆண்டே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' வெளிவந்தது. அதே தெருவை அங்கு வாழ்கிறவர் வாயிலிருந்து கேட்கும் வாய்ப்பு வெளியுலகுக்கு அப்போதுதான் கிடைத்தது.

1981-இல் தொடங்கிய எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி கறுப்பினக் கலைஞர்களை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்தது. 1983-இல் பாடகர் டேவிட் போவி அந்தச் சேனலின் நேர்காணலிலேயே, அவர்களை ஏன் காட்டுவதில்லை என்று தொகுப்பாளரைக் கேட்டு மடக்கினார். 1988-இல் அதில் 'யோ! எம்டிவி ராப்ஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. கறுப்பினத்தவர் யாரும் வசிக்காத புறநகர்களின் வரவேற்பறைகளுக்குள் ராப் நுழைந்தது. பப்ளிக் எனிமியின் அரசியல், குயின் லத்தீஃபாவின் பெண் குரல், டி லா சோலின் குறும்பு என அன்று நிகழ்ச்சியில் பல முகங்கள் வந்துபோயின. நிலைத்தது ஒரே முகம்.

லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள காம்ப்டனிலிருந்து வந்த என்.டபிள்யூ.ஏ. குழு அந்த முகத்தைக் கொடுத்தது. 1988-இல் வெளியான அவர்களது ஆல்பத்தில் காவல்துறையைத் திட்டும் பாடல் ஒன்று இருந்தது. 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவர்களது இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். காசு செலவில்லாமல் கிடைத்த விளம்பரமாக அது முடிந்தது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் அடித்து நொறுக்கிய காட்சியைப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒருவர் படம்பிடித்தார். அதுவரை மிகை என்று தள்ளப்பட்ட பாட்டு அன்று இரவுச் செய்தியாக ஓடியது.

அதே 1991-இல் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. எந்த ஆல்பம் எத்தனை விற்றது என்பதைக் கடைக்காரர்களின் வாய்வார்த்தையாகக் கேட்டுவந்த பில்போர்ட் இதழ், அந்த மே மாதம் முதல் கடைக் கணினிகளில் பதிவாகும் விற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டது. ஜூனில் என்.டபிள்யூ.ஏ.வின் அடுத்த ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. துப்பாக்கியும் தெருச் சண்டையும் இவ்வளவு விலைபோகும் என்று இசை நிறுவனங்களுக்கு ஆதாரத்தோடு தெரிந்தது. கறுப்பினத்தவர் பற்றிய ராப்பின் சித்திரம் குறுகியதற்குப் பாடகர்களின் விருப்பத்தைப் போலவே இந்தக் கணக்குப் புத்தகமும் காரணம். பழி வந்தபோது மட்டும் அது பாடகர்கள் பங்குக்குப் போனது.

பழி நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 1990 ஜூனில் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி டூ லைவ் க்ரூ குழுவின் ஆல்பம் ஆபாசமானது என்று தீர்ப்பளித்தார். மேடையில் பாடியதற்காகக் குழுவினர் கைதானார்கள். ஹென்றி லூயிஸ் கேட்ஸ் என்ற இலக்கியப் பேராசிரியர் சாட்சிக் கூண்டேறி, கறுப்பினத்தவரின் வாய்மொழி மரபில் வசைக்கும் கேலிக்கும் உள்ள இடத்தை ஜூரிக்கு விளக்கினார். குழுவினர் விடுதலையானார்கள், 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபாசத் தீர்ப்பையும் ரத்து செய்தது. அதே ஆண்டில் ஐஸ்-டி என்ற பாடகரின் 'காப் கில்லர்' பாடலைக் குடியரசுத் தலைவர் புஷ் முதற்கொண்டு பலர் கண்டித்தார்கள். பாடலை வெளியிட்ட இசை நிறுவனத்தின் உரிமையாளரான டைம் வார்னரின் பங்குதாரர் கூட்டத்தில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்து நின்று ஐஸ்-டியின் வரிகளை உரக்கப் படித்தார். பாடல் பின்னர் ஆல்பத்திலிருந்து நீக்கப்பட்டது. இதில் வேடிக்கை, பலரும் ராப் என்று திட்டிய அந்தப் பாடல் ராப்பே அல்ல. கிட்டார் அலறும் ஹெவி மெட்டல். பாடியவர் கறுப்பினத்தவர் என்பதால் காது அதை ராப்பாக்கிக்கொண்டது.

காது இப்படிச் செய்கிறதா என்பதைச் சோதித்துப் பார்த்தவர் கேரி ஃபிரீட் என்ற உளவியலாளர். காவலரைச் சுட்டுக் கொன்ற ஒருவனின் கதையைச் சொல்லும் பாட்டு வரிகளை அவர் சிலரிடம் கொடுத்தார். சிலரிடம் இது ராப் என்றும், சிலரிடம் கன்ட்ரி இசை என்றும் சொன்னார். இன்னொரு சோதனையில் பாடகரின் படத்தை மட்டும் மாற்றிக் காட்டினார், ஒரு முறை கறுப்பு இளைஞர், ஒரு முறை வெள்ளை இளைஞர். ராப் என்றோ கறுப்பினத்தவர் பாடியது என்றோ நம்பியவர்களுக்கு அதே வரிகள் ஆபத்தானவையாகவும் தடைசெய்யத் தக்கவையாகவும் பட்டன. 1996-இல் வெளியான இந்த ஆய்வில் அவர் எடுத்துக்கொண்டது கிங்ஸ்டன் டிரியோ என்ற வெள்ளையர் குழு 1960-இல் பாடிய நாட்டுப்புறப் பாடல். இருபது ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் மறுபடி சோதித்தபோதும் ராப் என்ற பெயருக்கு அதே எதிர்வினைதான்.

இதை வைத்து ராப்பின் மேல் தவறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2000-இல் ஜேம்ஸ் ஜான்சனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், வன்முறை ராப்பைக் கேட்ட பிறகு ஒரு கறுப்பின ஆடவரின் நடத்தையை விளக்கச் சொன்னால், அதை அவரது வன்முறைச் சுபாவமாகக் காணும் போக்கு கூடியது. கேட்டவர் வெள்ளையரா கறுப்பினத்தவரா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. 2002-இல் லாரி ரட்மன், மேத்யூ லீ ஆகியோரின் ஆய்விலும் இதே சாயல். பாட்டுக் கேட்டவர்கள் கறுப்பின ஆடவரைக் கடுமையாக எடைபோட்டார்கள். வெள்ளை ஆடவரை அப்படிச் செய்யவில்லை. பாடியவரின் குற்றம் பாடாதவர் கணக்கில் ஏறியது.

கறுப்பினத்தவர் வீட்டுக்குள்ளேயே எழுந்த குரல்கள்தான் இந்த வரலாற்றின் அழுத்தமான பகுதி. மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலங்களில் நடந்த சி. டெலோரஸ் டக்கர் 1990-களில், துப்பாக்கியும் தெருச் சண்டையும் பாடும் கேங்ஸ்டா ராப்புக்கு எதிராக இயக்கமே நடத்தினார். அந்த நெருக்கடியில் டைம் வார்னர் 1995-இல் இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தில் இருந்த தன் பங்கை விற்றது. 2004-இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக் கறுப்பின மாணவிகள் நெல்லி என்ற பாடகரிடம் கேள்வி கேட்டார்கள். எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைச் சேர்க்க அவரது அறக்கட்டளை கல்லூரிக்கு வரவிருந்தது. வரட்டும், ஆனால் பெண்களை இழிவுசெய்யும் உங்கள் காணொளி பற்றி எங்களோடு பேசுங்கள் என்பதே அவர்கள் நிபந்தனை. பேச அவர் வரவில்லை; முகாமும் நடக்கவில்லை. 2007-இல் டான் ஐமஸ் என்ற வெள்ளை வானொலித் தொகுப்பாளர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீராங்கனைகளை இனவெறிச் சொல்லால் இழித்தபோது, பேச்சு எப்படியோ ராப் பாடல்களின் பக்கம் திரும்பியது. அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத் துணைக்குழு ராப் பாடகர்களை அழைத்து விசாரித்தது.

பாட்டு வாக்குமூலமாக மாறிய இடம் குற்ற வழக்குகள். நியூ ஆர்லியன்ஸ் பாடகர் மேக் ஃபிப்ஸ் 2001-இல் ஒரு கொலை வழக்கில் 30 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அவருடைய இரண்டு வேறு பாடல்களின் வரிகளை ஒட்டுப்போட்டு ஜூரியிடம் வாசித்திருந்தார். 2021-இல்தான் அவர் பரோலில் வெளியே வந்தார். 2014-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. ஷெரீஃபைச் சுட்டதாகப் பாடிய பாப் மார்லி உண்மையில் சுட்டார் என்று யாரும் நம்புவதில்லை என அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. 2022-இல் கலிஃபோர்னியா இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியது. ஆனால் அதே ஆண்டில் ஜார்ஜியாவில் யங் தக் என்ற பாடகர் மீது போடப்பட்ட வழக்கில் பாடல் வரிகளைச் சான்றாக்க நீதிபதி பின்னர் அனுமதித்தார். கடல் கடந்து லண்டனில், மாநகரக் காவல்துறையின் 'படிவம் 696' இசை நிகழ்ச்சி நடத்துவோரிடம் பாட்டின் வகையைக் கேட்டது. தொடக்கத்தில் வரப்போகிறவர்களின் இனத்தையும் கேட்டது. அது கைவிடப்பட்டது 2017-இல்.

2015-இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் ஒரு விருது மேடையில் காவல்துறைக் கார் மேல் நின்று பாடினார். இளம் கறுப்பினத்தவருக்கு இனவெறியைவிட ஹிப்-ஹாப் அதிகக் கேடு செய்துவிட்டதாக ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஜெரால்டோ ரிவேரா சாடினார். லமார் அந்தப் பேச்சையே வெட்டியெடுத்துத் தம் பிந்தைய ஆல்பம் ஒன்றில் சேர்த்துக்கொண்டார். 2018-இல் அந்த ஆல்பத்துக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் வட்டத்துக்கு வெளியே அப்பரிசு போனது அதுவே முதல் முறை.

2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் இடைவேளையில் லமார் பாடியதைத் தொலைக்காட்சியில் 12 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கறுப்பின நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் வேடத்தில் தோன்றி, சத்தம் அதிகம், அடங்கிப் பாடு என்று நடுநடுவே அதட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு, வெள்ளை, நீல உடையணிந்த கறுப்பின நடனக் கலைஞர்கள் கூடி நின்று நாட்டின் கொடியாக உருவெடுத்தார்கள். நிகழ்ச்சி முடிந்த பின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வந்த புகார்களில் சில, மேடையில் வெள்ளையர் ஒருவரும் இல்லையே என்றன.