கரியா, உப்பா? திருவண்ணாமலைப் போரும் துப்பாக்கி மசகும்

1767ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் செங்கம் கணவாயிலும், அதே மாதம் 26ஆம் நாள் திருவண்ணாமலையிலும், கர்னல் ஜோசப் ஸ்மித் நடத்திய சென்னைப் படை, ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்த்த கூட்டுப்படையை எதிர்கொண்டது. முதலாம் மைசூர்ப் போரின் இக்கட்டம் பெரும்பாலும் உடன்படிக்கைகளையும் அணி மாற்றங்களையும் கொண்டே விளக்கப்படுகிறது. புரட்டாசியின் ஈரக் காற்றில் ஆயிரக்கணக்கான இரும்புக் குழாய்களைத் துருவிலிருந்து காக்க வேண்டியிருந்தது என்ற எளிய செய்தி அவ்விளக்கங்களில் இடம்பெறுவது அரிது.

அக்காலக் காலாட்படையின் முதன்மை ஆயுதம் மஸ்கட், அதாவது உட்சுவரில் வரிப்பள்ளம் இல்லாததும் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பதுமான நீண்ட துப்பாக்கி. அதன் குழாயின் பின்முனையை மூடிய இரும்பு அடைப்பு, மரை எனப்படும் திருகுச் சுற்றுகளால் முறுக்கி இறுக்கப்பட்டிருந்தது. வெடிப்பின் பின்னோக்கிய அழுத்தத்தைத் தாங்கியது அந்த மரையே. கசடு ஒருமுறை புகுந்தால் துணியோ குச்சியோ எட்டாத இடமும் அதுவே என்பதால், அதைக் கழற்றுவது படைக்கொல்லரின் வேலையாக இருந்தது.

அந்தக் கசடைக் கரி என்று அழைப்பது பாதி மட்டுமே உண்மை. கருமருந்து ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவையாகும். அது எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது, அதிலும் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற உப்புகள். கார்த்திகைத் தீபக் கொப்பரையில் நெய் எரிந்து படியும் மை பெரும்பாலும் தூய கரியாதலால், அடியார் நெற்றியில் இட்டுக்கொள்ளத் தகும். துப்பாக்கியின் கருமையோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரிரவிலேயே இரும்பைத் தின்னத் தொடங்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீர் கரைக்கும். ஆகவே இரும்பின் பகை எனக் கருதப்படும் நீரே முதல் துப்புரவுப் பொருளாயிற்று. சுடுநீர் குழாயையும் சூடாக்குவதால் ஈரம் விரைவில் உலர்ந்தது, அதன் பின்னரே எண்ணெய் பூசப்பட்டது. பளபளப்புக்காகச் செங்கல் பொடியால் குழாயைத் தேய்க்கும் பிரித்தானியப் படை வழக்கமோ, அணிவகுப்பின் அழகுக்காக ஆயுதத்தைத் தேய்த்துக் கெடுத்த பழக்கம் என்றே சொல்ல வேண்டும்.

எதைப் பூசுவது என்பதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறை இருந்தது. நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசுபிசுக்கும். விலங்குக் கொழுப்பு ஊசிப்போய் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். எளிதில் உலராத விளக்கெண்ணெயோ கெட்டியானது; வைக்கோல் கரியோடு குழைத்து வண்டி மை என்ற பெயரில் மாட்டுவண்டி அச்சுக்கு இடப்பட்டது அதுவே. 1857ஆம் ஆண்டு என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பு சமயச் சினத்தைக் கிளப்பியதை அனைவரும் அறிவர். அத்துப்பாக்கிக் குழாயின் வரிப்பள்ளத்தில் படியும் கசடை இளக்கி வைப்பதற்காகவே கொழுப்பு தேவைப்பட்டது என்பது அந்தச் சினத்தின் நிழலில் மறைந்துபோயிற்று. அந்நூற்றாண்டின் இறுதிக்குள், ஊசிப்போகாத கனிம எண்ணெய், ரங்கூன் எண்ணெய் என்ற பெயரில் படைகளில் பரவியது.

புகையற்ற வெடிமருந்து வந்தபின்னும் உப்பு விலகவில்லை. தோட்டாவின் பற்றவைப்பு மருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடை விட்டதால், லீ-என்ஃபீல்டு ஏந்தியவர்களும் குழாயில் கொதிநீரை ஊற்றியே கழுவினர். மரையின் மசகு மாறியதற்குக் காரணம் உலோகம். அமெரிக்க எம்-16 துப்பாக்கியில் எஃகுக் குழாயை மரையால் பிடித்திருக்கும் உடற்பகுதி அலுமினியத்தால் ஆனது; அலுமினியத்தோடு சேர்ந்தால் கரியின் ஒரு வடிவமான கிராஃபைட் ஈரத்தில் மின்வேதி அரிப்பை உண்டாக்கும் என்பதால், வண்டி மையில் கரி கலப்பதுபோல் கிராஃபைட் கலந்த மசகு அங்கே விலக்கப்பட்டு, மாலிப்டினம் டைசல்பைடு கலந்த மசகு இடப்படுகிறது.