சிறுவர் ஞானோபதேசம்

சிறுவர் ஞானோபதேசம் என்பது விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்றும் கிறித்தவக் கல்வி. கத்தோலிக்கர் மறைக்கல்வி என்றும், சீர்திருத்தச் சபையார் பலர் ஓய்வுநாள் பள்ளி என்றும் நடத்துவர். வினாவிடையே இதன் பழைய வடிவம். மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துக்கேயச் சிறுவருக்கு எழுதிய உரையாடல் நூலை என்றிக்கே என்றீக்கசு அடிகளார் தமிழாக்க, அது ‘கிரிசித்தியானி வணக்கம்’ என 1579இல் கொச்சியில் அச்சேறியது. தமிழின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றுக்குச் சிறுவர் பாடநூல் மூலமானது இக்கல்விக்கு அன்றிருந்த மதிப்பைக் காட்டும்.

பொருளறியா மனப்பாடம் என்ற குறை நியாயமானதே. ஆயினும் அது வினாவிடை முறையையே வீழ்த்திவிடாது. 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில் மார்ட்டின் லூதர் ஒவ்வொரு கட்டளையின் பின்னும் அதன் பொருளை வினவினார். பிள்ளையின் சமய உரிமையைக் காட்டி இக்கல்விக்கு எழும் மறுப்பு இன்னும் வலுவானது. சட்டமும் பள்ளியில் சமயத் திணிப்பை ஏற்பதில்லை: இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பின்படி, அரசு உதவிபெறும் பள்ளியில் சமயபோதனைக்குச் சிறாரின் காப்பாளர் இசைவு கட்டாயம்.